ஜி.பி. குறிப்புகளைக் கொண்டு கோவிட்டை ஆராய்ந்தது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் வாழும் தமிழர்களின் உடல்நலக் கூட்டங்களில் பேசப் போகும்போதெல்லாம், எடுத்துக்கொண்ட பொருள் நீரிழிவாக இருந்தாலும் தடுப்பூசியாக இருந்தாலும், கடைசியில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. கோவிட் காலத்தில் நம்முடைய மருத்துவக் குறிப்புகளை யார் பார்த்தார்கள், எதற்காகப் பார்த்தார்கள், இப்போது அவை எங்கே இருக்கின்றன என்று கேட்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழியாக வரும் அரைகுறைச் செய்திகளாக இருப்பதுதான் வருத்தம். ஆகவே, திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே கீழே தொகுத்திருக்கிறேன். பெருந்தொற்று ஒன்றை நோயாளர் குறிப்புகளைக் கொண்டு ஆராய்வதன் பலமும் பலவீனமும் ஒருங்கே தெரிவது இங்கிலாந்தின் ஓப்பன்சேஃப்லி என்ற ஆய்வுத் தளத்தில்தான் என்பதால், பெரும்பாலான பதில்கள் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

மெடிக்கல் ரெக்கார்ட் என்கிறீர்களே, டாக்டர் எழுதுகிற எல்லாமா அதில் இருக்கிறது?

ஜி.பி. (குடும்ப மருத்துவர்) நிலையத்தின் கணினியில் உங்களைப் பற்றி இரண்டு விதமான பதிவுகள் சேர்கின்றன. நீங்கள் சொன்னதை மருத்துவர் தம் சொற்களில் தட்டச்சு செய்வது ஒன்று. ஒரு பெரிய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து இடுகிற குறியீடுகள் மற்றொன்று. இரண்டாம் வகை நீரிழிவுக்கு ஒரு குறியீடு, புகைப்பதை விட்டுவிட்டவர் என்பதற்கு ஒரு குறியீடு, மூட்டுவலிக்கு ஒன்று என்று ஆயிரக்கணக்கில் உண்டு. இங்கிலாந்தின் ஜி.பி. நிலையங்கள் 2018 முதல் ஸ்னோமெட் சி.டி. என்ற குறியீட்டுத் தொகுதிக்கு மாறின. எழுதிக்கொடுத்த மருந்துகள், இரத்த அழுத்தம், இரத்தப் பரிசோதனை முடிவுகள், உயரம், எடை ஆகியவையும் இதே போல வகைப்படுத்தப்பட்டே பதிவாகின்றன.

கோவிட் ஆய்வுக்குப் பயன்பட்டவை குறியீடுகளும் எண்களும் மட்டுமே. மனைவியோடு வந்த சண்டையைப் பற்றியோ, வேலை போன கவலையைப் பற்றியோ மருத்துவரிடம் சொன்னதை அவர் வாக்கியமாக எழுதி வைத்திருந்தால், அந்தப் பகுதி ஓப்பன்சேஃப்லிக்குள் செல்லவில்லை. ஆனால், அதையே மனச்சோர்வு என்று குறியீடாக இட்டிருந்தால் அந்தக் குறியீடு உள்ளே இருக்கும்.

நோய் புதிது. அப்படியிருக்கப் பழைய குறிப்புகளை ஏன் கிளற வேண்டும்?

2020 மார்ச்சில் யாருக்கும் விடை தெரியாமல் இருந்த கேள்வி, இந்த நோய் யாரைக் கொல்கிறது என்பது. மருத்துவமனையில் படுத்திருப்பவர்களை மட்டும் பார்த்து அதற்கு விடை சொல்ல முடியாது. படுக்கையில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது என்றால், அதே வயதுடைய ஊராரில் எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தப் பாதிக்குப் பொருள் உண்டு. இந்த ஒப்பீட்டுக்கு நோய் வராதவர்களின் குறிப்புகளும் தேவை. அவர்களுடைய குறிப்புகள்தான் அதிகமாகத் தேவை என்றுகூடச் சொல்லலாம்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ எல்லோரும் ஏதாவது ஒரு ஜி.பி. நிலையத்தில் பதிவு செய்திருப்பதால், தொற்று வருவதற்கு முன்பே அந்த ஒப்பீட்டுக்கான கணக்கு எழுதப்பட்டுவிட்டது என்றாகிறது. ஓப்பன்சேஃப்லியின் முதல் பெரிய ஆய்வு 1 கோடியே 72 லட்சத்துக்கும் அதிகமான பெரியவர்களின் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, 2020 பிப்ரவரி 1 முதல் மே 6 வரை அவர்களில் கோவிட் தொடர்பாக இறந்த 10,926 பேரோடு ஒப்பிட்டது. ஆட்களைத் தேடிப் பிடித்துப் படிவம் நிரப்பச் சொல்லியிருந்தால் இந்த அளவை எட்டுவதற்குள் முதல் அலையே முடிந்துபோயிருக்கும். இந்த ஆய்வின் முதல் வடிவமோ 2020 மே 7 அன்றே வெளியாகிவிட்டது. சரிபார்க்கப்பட்ட முழு வடிவம் ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வந்தது.

ஓப்பன்சேஃப்லி யாருடையது? ஏதாவது கம்பெனியா?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவர் பென் கோல்டேக்கர் தலைமையிலான குழுவும், லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்களும், ஜி.பி. நிலையங்களுக்கு மென்பொருள் தரும் டி.பி.பி. நிறுவனமும் சேர்ந்து, பொதுச் சுகாதாரச் சேவையை நடத்தும் என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பின் சார்பில் இதைக் கட்டினார்கள். மற்றொரு மென்பொருள் நிறுவனமான எமிஸ் பின்னர் இணைந்தது. நிறுவனங்களின் பெயர் வருவதைக் கண்டதும் பலர் பதறுகிறார்கள். பெரும்பாலானவர்களின் ஜி.பி. குறிப்பு கோவிட்டுக்கு முன்பிருந்தே அந்த இரு நிறுவனங்களின் கணினிகளில்தான் இருந்தது. இந்த ஆய்வுக்காகப் புதிதாக எந்த நிறுவனத்தின் கைக்கும் அது மாறவில்லை.

அப்படி என்னதான் கண்டுபிடித்தார்கள்? வயதானவர்களுக்கு ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

வயது பெரிய காரணம் என்பது தெரிந்திருந்தது. எவ்வளவு பெரியது என்பது தெரியாது. மற்ற காரணங்களை எல்லாம் கணக்கில் கொண்ட பிறகும், 80 வயதைக் கடந்தவர்களின் இறப்பு அபாயம் 50 முதல் 59 வயது வரையுள்ளவர்களுடையதைப் போல் 20 மடங்குக்கு மேல் இருந்தது. ஆண்களுக்கு அபாயம் பெண்களைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, கடும் உடற்பருமன், உறுப்பு மாற்று அறுவை, கடுமையான ஆஸ்துமா ஆகியவை ஒவ்வொன்றும் எவ்வளவு கூட்டுகின்றன என்பதும் தெரியவந்தது. யாரை முதலில் வீட்டுக்குள் பாதுகாப்பது, தடுப்பூசி வந்ததும் யாருக்கு முதலில் போடுவது என்று முடிவெடுக்க இத்தகைய அளவுகள் வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை அந்த ஆய்வின் கனமான பகுதி வேறு. கறுப்பின மக்களுக்கும் தெற்காசியர்களுக்கும் வெள்ளையர்களைவிட அபாயம் அதிகம் என்ற செய்தி வந்தபோது, நீரிழிவும் ஏழ்மையும் இவர்களிடையே கூடுதல், அதனால்தான் என்று எளிதாகச் சொல்லிக் கடந்தவர்கள் இருந்தார்கள். இணைநோய்களையும் வாழும் பகுதியின் ஏழ்மையையும் கணக்கில் கழித்த பிறகும் அபாயம் ஏறத்தாழ 1.5 மடங்காகவே நின்றது. வேலையின் தன்மை, வீட்டில் எத்தனை பேர், சிகிச்சைக்கு எப்போது போனார்கள் என்று மற்ற காரணங்களைத் தேடும் கட்டாயத்தை அந்த எண்தான் உருவாக்கியது.

தெற்காசியர் என்றால் அதில் நாங்களும் அடக்கமா? தமிழருக்குத் தனியாகக் கணக்கு உண்டா?

அடக்கமா என்பதற்கே நேரான விடை கிடையாது. இங்கிலாந்தின் ஜி.பி. கணினிகளில் இனக்குழுவைக் குறிக்கும் குறியீடுகள் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைகளை ஒட்டி உருவானவை. அந்தப் பட்டியலில் ‘தமிழர்’ என்று ஒரு குறியீடு, ‘இலங்கையர்’ என்று ஒரு குறியீடு, ‘சிங்களவர்’ என்று ஒரு குறியீடு இருக்கின்றன. ஆனால், ஆய்வுக்காகத் தொகுக்கும்போது இவை மூன்றும் பஞ்சாபியர், காஷ்மீரியர் ஆகியோருக்கான குறியீடுகளோடு சேர்ந்து ‘வேறு ஆசியர்’ என்ற ஒரே கூடைக்குள் போய்விடுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் படிவத்தில் ‘இந்தியர்’ என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தால் அவர் வேறொரு கூடையில் இருப்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் மதுரையில் பிறந்தவரும் ஒரே தெருவில் குடியிருந்து, ஒரே ஜி.பி.யிடம் போனாலும், ஆய்வு அட்டவணையில் இரண்டு வேறு வரிசைகளில் நிற்கக்கூடும்.

இதற்கும் முன்னால் இன்னொரு இடர் இருக்கிறது. முதல் ஆய்வில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களின் குறிப்பில் இனக்குழுவே பதிவாகவில்லை. பதிவு செய்யும் நாளில் படிவத்தில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டவர்கள், கேட்கப்படாமலே போனவர்கள், சொல்ல விரும்பாதவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். ஆகவே, தமிழர்களுக்கு மட்டும் இவ்வளவு அபாயம் என்று ஒரு எண்ணை யாராவது அந்த ஆய்வின் பெயரால் பகிர்ந்தால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு எண் அதில் இல்லை.

என் பெயர், முகவரி எல்லாம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறதா?

இல்லை. இந்த ஏற்பாட்டின் அடிப்படையே, குறிப்புகள் இருக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்பதுதான். ஆய்வாளர் தம் கேள்வியை ஒரு கணினி நிரலாக எழுதுகிறார். எழுதும்போது அவர் கையில் இருப்பது உண்மையான நோயாளிகளின் விவரம் அன்று. அதே அமைப்பில் கணினி தானாக உருவாக்கிய கற்பனைத் தரவு. அதில் நிரல் பிழையின்றி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு அனுப்புகிறார். அது மென்பொருள் நிறுவனத்தின் பாதுகாக்கப்பட்ட கணினிக்குள் ஓடி, அட்டவணையாகவும் வரைபடமாகவும் முடிவுகளை மட்டும் தருகிறது. அந்த முடிவுகளும் பயிற்சி பெற்றவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகே வெளியே வருகின்றன. தனி ஒருவரின் குறிப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்க ஆய்வாளருக்கு வழியில்லை.

மருத்துவமனை, பரிசோதனைக்கூடம், இறப்புப் பதிவு ஆகிய இடங்களின் விவரங்களை ஜி.பி. குறிப்போடு பொருத்த வேண்டியிருக்கிறது அல்லவா? உங்கள் பத்து இலக்க என்.எச்.எஸ். எண்ணை, திரும்ப அவிழ்க்க இயலாத வேறொரு எண்ணாக மாற்றி, அந்த மாற்று எண்ணைக் கொண்டே பொருத்துகிறார்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது வேறு ஒன்று. எந்த ஆய்வுக்காக எந்த நிரல், எப்போது ஓடியது என்ற பதிவேடும், அந்த நிரல்களும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன.

பேரை எடுத்துவிட்டால் போதாதா? ஏன் இவ்வளவு பூட்டு?

போதாது. பெயரும் முகவரியும் நீங்கிய குறிப்பிலும் பிறந்த தேதி, பாலினம், வசிக்கும் பகுதி, பிள்ளை பிறந்த நாள், கால் முறிந்த நாள் ஆகியவை எஞ்சியிருக்கும். உங்களை ஓரளவு அறிந்த ஒருவருக்கு இவற்றில் மூன்று நான்கு போதும். அமெரிக்காவில் லட்டான்யா ஸ்வீனி என்ற கணினி அறிஞர், பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவமனைத் தரவை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பையே 1990களில் அடையாளம் கண்டு காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அதற்குத் தேவைப்பட்டன.

முடிவுகளை வெளியிடும்போது மிகச் சிறிய எண்ணிக்கைகளை மறைப்பதும் மற்ற எண்களைத் தோராயமான எண்களாக மாற்றுவதும் இதனால்தான். ஒரு சிறிய ஊரில், எழுபது வயதைக் கடந்த, சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ‘வேறு ஆசியர்’ ஒருவர் இறந்தார் என்று அட்டவணையில் அச்சானால், அந்த ஊர்க் கோயிலுக்குப் போகும் எல்லோருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும்.

ஹோம் ஆபீஸ் இதைப் பார்க்குமா? விசா சரியில்லாதவர்கள் ஜி.பி.யிடம் போவதற்கே பயப்படுகிறார்கள்.

இந்தப் பயம் காற்றில் பிறந்ததன்று. நோயாளிகளின் பெயர், முகவரி போன்ற விவரங்களைக் குடியேற்ற நடவடிக்கைகளுக்காகப் பெறுவதற்கு, அப்போது தேசிய சுகாதாரத் தரவு அமைப்பாக இருந்த என்.எச்.எஸ். டிஜிட்டலோடு உள்துறை அலுவலகத்துக்கு ஓர் ஒப்பந்தம் 2017இல் நடைமுறையில் இருந்தது. நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவும் மருத்துவர்களும் கடுமையாக எதிர்த்ததாலும் வழக்கு வந்ததாலும் 2018 மே மாதத்தில் அதன் பெரும்பகுதி நிறுத்தப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தமே விலக்கிக்கொள்ளப்பட்டது. அதைக் கேள்விப்பட்ட குடும்பங்கள் கோவிட் காலத்திலும் மருத்துவரை நாடத் தயங்கியதில் வியப்பில்லை. தரவைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்தினால், அந்தச் சேதம் ஒப்பந்தத்தோடு முடிவதில்லை.

கோவிட் ஆய்வுத் தளத்தைப் பொறுத்தவரை, பெயரும் முகவரியும் ஆய்வாளரிடம் செல்வதில்லை என்று மேலே சொன்னதே இதற்கும் விடை. ஜி.பி. நிலையத்தில் பதிவு செய்யக் குடியேற்ற ஆவணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இங்கிலாந்தில் இல்லை. வரவேற்பு மேசையில் கேட்டாலும், அது இல்லை என்பதற்காகப் பதிவை மறுக்கக் கூடாது.

என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லையே! இது சட்டப்படி சரியா?

நோயாளி சொன்னதை மருத்துவர் ரகசியமாகக் காக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் ஊன்றிய கடமை. அதற்கு விலக்கு அளிக்கும் விதிகள் 2002இல் வந்தன. தொற்றுநோய்களைக் கண்டறியவும் கட்டுப்படுத்தவும் நோயாளர் தகவலைப் பகிரலாம் என்று அவை சொல்கின்றன. 2020இல் சுகாதார அமைச்சர் அந்த விதிகளின்கீழ் அறிவிக்கைகள் பிறப்பித்து, கோவிட் நோக்கத்துக்காகத் தகவலைப் பகிருமாறு பணித்தார். அந்த அறிவிக்கைகள் 2022 ஜூன் 30 அன்று முடிவுக்கு வந்தன. ஆக, ஒவ்வொருவரின் ஒப்புதலும் பெறப்படவில்லை என்பது உண்மை. சட்டப்படியான அடிப்படை இருந்தது என்பதும் உண்மை.

சட்டப்படி சரி என்பதால் மக்கள் மனம் ஒப்பிவிடும் என்று எண்ணக் கூடாது. 2013இல் கேர்.டேட்டா என்ற பெயரில் ஜி.பி. குறிப்புகளை ஒரே இடத்தில் திரட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, அதைப் பற்றிய துண்டறிக்கை தமக்கு வந்ததே பலருக்குத் தெரியாது. எதிர்ப்பு வலுத்து 2014 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்ட அத்திட்டம், 2016இல் கைவிடப்பட்டது. 2021 கோடையில் அதே போன்ற மற்றொரு திட்டம் வந்தது. ஜூலை 1 என்றார்கள், செப்டம்பர் 1 என்றார்கள், பிறகு தேதியில்லாமல் ஒத்திவைத்தார்கள். அதற்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தம் குறிப்புகளைத் தர மறுத்துப் பதிவு செய்துவிட்டார்கள். இந்த இரண்டு தோல்விகளிலும் குறிப்புகளை வெளியே எடுத்துச் சென்று குவிப்பதுதான் திட்டமாக இருந்தது. குறிப்பு இருக்கும் இடத்துக்குக் கேள்வியை அனுப்பும் முறைக்கு அத்தகைய எதிர்ப்பு எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் விலகிவிடுவதுதானே புத்திசாலித்தனம்?

விலக இரண்டு வழிகள் உண்டு. உங்கள் ஜி.பி. நிலையத்திடம் சொல்லி, சிகிச்சை தவிர்ந்த நோக்கங்களுக்கு என் குறிப்பு இங்கிருந்து வெளியே போகக் கூடாது என்று பதிவு செய்வது ஒன்று. இதை ‘டைப் 1’ விலகல் என்பார்கள். 2018 மே முதல் உள்ள தேசிய விலகல் மற்றொன்று, இதை என்.எச்.எஸ். செயலியிலோ இணையத்திலோ தொலைபேசியிலோ நீங்களே செய்யலாம். இரண்டில் எதைச் செய்தாலும் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படாது. அதைச் சொல்லித் தயங்கவைக்க யாருக்கும் உரிமையில்லை.

உரிமை உங்களுடையது என்று சொன்ன பிறகு, என் கருத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் விலகவில்லை. தெற்காசியர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்ற உண்மையை வெளியே கொண்டுவந்தவை தெற்காசியர்களின் குறிப்புகளே. தடுப்பூசி 2020 டிசம்பர் 8 அன்று தொடங்கிய பிறகு, எந்தச் சமூகத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் குறைவு என்று தொடர்ந்து காட்டியவையும் இதே போன்ற குறிப்புகள்தான். அச்சத்தால் ஒரு சமூகமே விலகிக்கொண்டால், அதற்கு நேரும் இழப்பு எந்த அட்டவணையிலும் ஏறாது.

புகைபிடிப்பவர்களுக்குக் கொரோனாவால் ஆபத்து குறைவு என்று அந்த ஆய்விலேயே இருக்கிறதாமே?

அட்டவணையில் அப்படி ஒரு எண் இருப்பது உண்மை. வயதையும் பாலினத்தையும் மட்டும் கணக்கில் கொண்டபோது, புகைப்பவர்களின் இறப்பு அபாயம் 1.14 மடங்கு, அதாவது சற்றுக் கூடுதல். எல்லாக் காரணங்களையும் கணக்கில் கொண்டதும் அது 0.89 ஆக, அதாவது ஒன்றுக்குக் கீழே இறங்கியது. இந்த இரண்டாவது எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டுதான் செய்தி பரவியது.

‘எல்லாக் காரணங்களும்’ என்பதற்குள் நாட்பட்ட நுரையீரல் நோயும் இதய நோயும் இருக்கின்றன. புகை ஒருவரைக் கொல்வது பெரும்பாலும் அந்த நோய்களின் வழியாகத்தான். மழையால் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கப் போய், நனைந்தவர் நனையாதவர் என்ற வேறுபாட்டைக் கணக்கில் கழித்துவிட்டால், மழைக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பே இல்லை என்றுதான் விடை வரும். இரத்த அழுத்தத்துக்கும் அதே ஆய்வில் இதே போன்ற ஏமாற்றும் எண் வந்தது. ஆய்வாளர்கள் இதைக் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார்கள். பல காரணங்களை ஒரே அட்டவணையில் இட்ட ஆய்வில் ஒவ்வொரு வரியையும் தனித்தனியே ‘இது காக்கும், இது கொல்லும்’ என்று வாசிப்பது தவறு.

இவ்வளவு பேரின் குறிப்பு இருந்தால், எந்த மருந்து வேலை செய்கிறது என்றும் அதிலேயே பார்த்துவிடலாமே? தனியாகச் சோதனை எதற்கு?

குறிப்புகளில் மருந்து பெற்றவரும் பெறாதவரும் இருப்பார்கள். ஆனால், அவருக்கு ஏன் அந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதில்தான் சிக்கல். நிலைமை மோசமானவர்களுக்கே ஒரு மருந்தைக் கொடுத்திருந்தால், நல்ல மருந்தும் குறிப்புகளில் கொல்லும் மருந்தாகத் தெரியும். தேறக்கூடியவர்களுக்கே கொடுத்திருந்தால், பயனற்ற மருந்தும் காப்பாற்றுவதாகத் தெரியும். எத்தனை கோடிப் பேரைச் சேர்த்தாலும் இந்தக் கோணல் நிமிராது. யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் தீர்மானத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்யும் சோதனையில்தான் அது நீங்குகிறது.

கோவிட்டுக்கு உதவும் என்று அப்போது பேசப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை ஓர் எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். முடக்குவாதத்துக்கும் லூபஸ் நோய்க்கும் அதை ஆண்டுக்கணக்காக உட்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஓப்பன்சேஃப்லி குழுவினர் அந்நோய்கள் உள்ள 1,94,637 பேரை எடுத்து, தொற்றுக்கு முன்பிருந்தே அந்த மாத்திரையை உட்கொண்ட 30,569 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். கோவிட்டால் இறந்தவர்களின் விகிதம் 0.23 சதவீதம், 0.22 சதவீதம் என ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மாத்திரை கோவிட்டுக்காகக் கொடுக்கப்படாததால், மேலே சொன்ன கோணல் இங்கே குறைவு. கேள்வியைக் கவனமாகத் தேர்ந்தால் குறிப்புகளும் மருந்தைப் பற்றிப் பேசும் என்பதற்கு இது சான்று. நோய் முற்றிய பிறகு கொடுத்தால் பயன் உண்டா என்ற கேள்வியைத் தீர்த்தது ரெகவரி என்ற குலுக்கல் முறைச் சோதனை. அந்த மாத்திரை பெற்றவர்களில் 27 சதவீதமும் பெறாதவர்களில் 25 சதவீதமும் 28 நாட்களுக்குள் இறந்தார்கள்; பயனில்லை. அதே சோதனைதான் 2020 ஜூன் 16 அன்று, டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்து செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று அறிவித்தது.

சோதனையும் குறிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணிவிட வேண்டாம். ரெகவரியில் சேர்ந்தவர்கள் பிழைத்தார்களா, வீடு திரும்பினார்களா என்பதை அறிய என்.எச்.எஸ். குறிப்புகளே பெரிதும் உதவின. பரபரப்பான மருத்துவமனைகளில் ஒரு செவிலியர் சில நிமிடங்களில் நோயாளியைச் சோதனையில் சேர்க்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பொய்யான குறிப்புகளை வைத்து ஒரு ஆய்வு வந்ததே! பிறகு எதை நம்புவது?

நீங்கள் குறிப்பிடுவது, ஆய்வுக்குக் குறிப்புகளைத் தந்ததாகச் சொன்ன சர்ஜிஸ்ஃபியர் என்ற நிறுவனத்தின் விவகாரம். 2020 மே 22 அன்று ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரை, ஆறு கண்டங்களின் 671 மருத்துவமனைகளில் 96,032 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்ததாகவும், மேலே சொன்ன ஹைட்ராக்சிகுளோரோகுயின் இறப்பைக் கூட்டுவதாகவும் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்தை உடனே நிறுத்திவைத்தது. ஆனால், அந்தக் கட்டுரை சொன்ன ஆஸ்திரேலிய இறப்புகளின் எண்ணிக்கை, அந்நாட்டில் அதுவரை நிகழ்ந்த மொத்தக் கோவிட் இறப்புகளைவிட அதிகமாக இருந்தது. மூலக் குறிப்புகளைக் காட்டுமாறு கேட்டபோது நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் எண்களைப் பார்த்தார்களே தவிர, அந்த எண்கள் பிறந்த இடத்தைப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. நோயாளியின் ரகசியம் என்று காரணம் சொல்லி நிறுவனம் கதவை அடைத்துக்கொண்டது. ரகசியம் காக்க வேண்டியது நோயாளியின் குறிப்புக்கு. ஆய்வின் செய்முறைக்கு அன்று. நிரலை வெளியிட்டு, ஓடிய பதிவேட்டையும் வெளியிட்டு, குறிப்பை மட்டும் உள்ளே வைத்திருக்கும் முறையை நான் மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இனி யாராவது இத்தனை லட்சம் நோயாளிகள் என்று ஒரு ஆய்வைக் காட்டினால், எந்த நாட்டின் எந்த அமைப்பின் குறிப்புகள், செய்முறை வெளியிடப்பட்டிருக்கிறதா என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

குறிப்பில் இல்லை என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்வார்களா? எனக்கு ஒன்றரை வருடமாக மூச்சு வாங்குகிறது, டாக்டர் எதுவும் எழுதவில்லை.

கவனமற்ற ஆய்வாளர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார், ஆகவே இது மிக முக்கியமான கேள்வி. முதல் அலையில் பரிசோதனை பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கே நடந்தது. வீட்டில் காய்ச்சலோடு கிடந்து எழுந்தவர்களின் தொற்று எங்கும் பதிவாகவில்லை. 2020 செப்டம்பர் கடைசி வாரத்தில், பழைய வகை எக்செல் கோப்பு ஒன்றில் வரிகள் நிரம்பிவிட்டதால் இங்கிலாந்தின் 15,841 தொற்றுகள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டுப்போயின.

நீங்கள் சொல்லும் மூச்சு வாங்குவதைப் போல, தொற்றுக்குப் பிறகும் தொல்லைகள் நீடிக்கும் நெடுங்கோவிட் (லாங் கோவிட்) இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதற்கான குறியீடுகள் வந்த பிறகு, 2021 ஏப்ரல் வரையிலான 5 கோடியே 80 லட்சம் பேரின் குறிப்புகளை ஓப்பன்சேஃப்லி குழு தேடியபோது, அந்தக் குறியீடு 23,273 பேருக்கே இடப்பட்டிருந்தது. நான்கில் ஒரு பங்குக்கும் அதிகமான ஜி.பி. நிலையங்கள் அதை ஒரு முறைகூடப் பயன்படுத்தியிருக்கவில்லை. எந்த நிறுவனத்தின் மென்பொருளை அந்த நிலையம் பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தும் எண்ணிக்கை மாறியது. நோய் மென்பொருளைப் பார்த்து வருவதில்லை. திரையில் அந்தக் குறியீடு கைக்கெட்டும் இடத்தில் இருந்ததா என்பதைப் பொறுத்தே மருத்துவர் அதை இட்டிருக்கிறார். நெடுங்கோவிட் அரிதான நோய் என்று இந்த எண்ணைக் கொண்டு யாராவது வாதிட்டால், அது பதிவு செய்யும் பழக்கத்தின் அளவே தவிர நோயின் அளவன்று என்று சொல்லுங்கள்.

உங்கள் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்: இதை நெடுங்கோவிட் என்று கருதுகிறீர்களா, கருதினால் என் குறிப்பில் அந்தக் குறியீட்டை இடுவீர்களா என்று. வாக்கியமாக எழுதி வைத்தால் ஆய்வுக்குப் போகாது என்பதை முதல் பதிலிலேயே பார்த்தோம்.

என் குறிப்பில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்க முடியுமா? தப்பாக இருந்தால் மாற்றுவார்களா?

பார்க்கலாம். என்.எச்.எஸ். செயலியில் உங்கள் ஜி.பி. குறிப்பு திறக்கும், எவ்வளவு பழைய பதிவுகள் தெரியும் என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். செயலி வேண்டாம் என்பவர்கள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நிலையத்திடமே படி கேட்டுப் பெறலாம், அதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. உங்களுக்கு இல்லாத ஒவ்வாமை, எப்போதோ விட்டுவிட்ட புகைப் பழக்கம், வேறொருவருடைய பரிசோதனை முடிவு என்று பிழை இருந்தால் திருத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மருத்துவரின் கணிப்போடு நீங்கள் உடன்படவில்லை என்றால் பொதுவாக அதை அழிக்கமாட்டார்கள். ஆனால், நீங்கள் மறுக்கிறீர்கள் என்பதைக் குறிப்பில் சேர்ப்பார்கள்.

இனக்குழுவையும் ஒரு முறை பாருங்கள். அது நீங்களே சொல்ல வேண்டிய விவரம். வரவேற்பில் இருப்பவர் உங்கள் முகத்தையோ பெயரையோ பார்த்து ஊகிக்க வேண்டியதன்று. வெறுமையாகவோ தவறாகவோ இருந்தால், தமிழர் என்று இடுமாறு கேளுங்கள். அவ்வாறு ஒரு குறியீடு இருப்பது வரவேற்பு மேசையில் உள்ளவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பட்டியலில் தேடச் சொல்லுங்கள், இருக்கிறது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆங்கிலம் சரளமாக வராது என்றால், சந்திப்பு நேரம் கேட்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு நீங்கள் பணம் செலுத்த வேண்டியதில்லை. மொழிபெயர்க்க வீட்டுப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டிய தேவையும் இல்லை.